ஐந்து வார்டுகளும் ஒரு ஸ்கேனரும்: குடிநோய் மூளை ஆய்வுக்கு எப்படிக் கூட்டுச் சேர்வது?

எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவர் மனநல மருத்துவர். குடிநோய் வார்டில் பல வருட அனுபவம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டார். "தம்பி, நாங்க அஞ்சு ஆஸ்பத்திரி சேர்ந்து ஒரு ஆராய்ச்சி நெட்வொர்க் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எந்த மாதிரி ஆரம்பிச்சா உருப்படும்?"

ஐந்தில் இரண்டு அரசு மருத்துவமனை, இரண்டு அறக்கட்டளை நடத்துவது, ஒன்று தனியார். தனியாரிடம் மட்டும் 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களில் யார் மூன்று மாதத்துக்குள் மறுபடி பாட்டிலைத் தொடுவார்? அதை மூளையைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நான் மருத்துவன் இல்லை. பல மையங்களில் எடுத்த மூளைப் படங்களையும் அவற்றோடு வரும் எக்செல் தாள்களையும் துடைத்து அடுக்கித் தருவது என் பிழைப்பு. அதனால் கூட்டு ஆய்வுகளை நான் பின்வாசல் வழியாகப் பார்த்தவன். முன்வாசலில் ரிப்பன் வெட்டுவார்கள், பின்வாசலில் "இந்த நெடுவரிசையில் 99 என்று போட்டிருக்கிறதே, இது வயதா, பதில் இல்லை என்பதா?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். ஒரு வாரம் அவகாசம் கேட்டு அவருக்கு எழுதி அனுப்பியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எதற்குக் கூட்டு? தனித்தனியாகச் செய்தால் என்ன? 2022இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்து இந்தத் துறையையே கொஞ்சம் உலுக்கியது. மூளைப் பட ஆய்வுகளில் வழக்கமாகச் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை 25 பேர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் மூளையின் அமைப்பையும் மனிதர்களின் குணத்தையும் முடிச்சுப் போடும் ஆய்வுகள் நம்பகமாக நிற்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்று சுமார் 50,000 பேரின் படங்களை வைத்துக் காட்டினார்கள். 25 பேரில் கிடைக்கும் பெரிய வித்தியாசம் பெரும்பாலும் தற்செயல். அடுத்த 25 பேரில் அது காணாமல் போகும்.

இதைப் படித்துவிட்டு "ஆயிரம் பேர் இல்லாமல் தொடவே கூடாது" என்று பயப்படவும் வேண்டாம். அந்தக் கணக்கு, வெவ்வேறு ஆட்களை ஒருமுறை மட்டும் அளந்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கானது. ஒரே ஆளைக் குடி நிறுத்திய முதல் வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் அளந்தால், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பெருமளவு கழிந்துவிடும். அதற்கு அத்தனை கூட்டம் வேண்டியதில்லை. அக்காவின் ஐந்து வார்டுகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். முடிவும் இதையொட்டித்தான் போகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோர் மனதிலும் முதலில் வருவது பெரிய திருவிழா மாதிரியான வழி. ஒரே நெறிமுறை, ஒரே வினாத்தாள், ஒரே ஸ்கேன் அமைப்பு, எல்லா ஊரிலும். இதற்கு உலகப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வு. 21 மையங்கள், 2016 முதல் 2018 வரை 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 11,880 பேரைச் சேர்த்து, பத்து வருடம் பின்தொடர்வது என்று திட்டம். குடியோ கஞ்சாவோ தொடுவதற்கு முன்பே பிடித்துவிட்டால், பிறகு தெரியும் மூளை வித்தியாசம் போதைக்கு முந்தியதா பிந்தியதா என்று பிரித்துச் சொல்லலாம் என்பது கணக்கு. ஐரோப்பாவின் இமேஜன் இதைவிடச் சிறியது, மூத்தது. லண்டன், நாட்டிங்ஹாம், டப்ளின், பாரிஸ், பெர்லின், ஹாம்பர்க், மன்ஹைம், டிரெஸ்டன் என்று எட்டு ஊர்களில் 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேர். அதிலிருந்து 2014இல் வந்த ஒரு முடிவு: 14 வயதில் எடுத்த தகவல்களை வைத்து, 16 வயதில் யார் கண்மண் தெரியாமல் குடிப்பார்கள் என்பதைச் சுமார் 70 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது. கவனிக்க வேண்டியது, அந்தக் கணிப்பில் மூளைப் படம் ஒரு பங்குதான். குணம், வாழ்க்கையில் நடந்தவை, இவையும் சேர்ந்தே பாரம் சுமந்தன.

நம் நாட்டிலும் இந்த வழியில் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. சி-வேதா என்று அதற்குப் பெயர். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் விவேக் பெனகல், இமேஜனை நடத்திய குந்தர் ஷூமன் இருவரும் தலைமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பணம் கொடுத்தன. பெங்களூருவில் இரண்டு, பிறகு மைசூரு, ரிஷி பள்ளத்தாக்கு, கொல்கத்தா, சண்டிகர், இம்பால் என்று நாடு முழுக்க ஏழு மையங்கள்; 6 முதல் 23 வயது வரை 9,000 பேருக்கு மேல் சேர்த்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, மேற்கத்திய வினாத்தாளை அப்படியே இறக்குமதி செய்யாமல் ஊட்டச்சத்து, ஈயம், ஆர்செனிக் போன்ற இந்த மண்ணின் சங்கதிகளையும் அளவுக்குள் கொண்டுவந்ததுதான். ஆனால் மூளைப் படம் ஒரு பகுதியினருக்கு மட்டுமே எடுக்கப்பட்டது. இரண்டு அரசுகளின் பணம் இருந்தும் அப்படித்தான் முடிந்தது என்பதை ஐந்து வார்டுகாரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் பலம் எல்லோருக்கும் தெரியும். பலவீனம் கொஞ்சம் நுட்பமானது. ஒரே நெறிமுறை என்றால், அதில் ஒரு தவறு இருந்தால் அதுவும் எல்லா ஊருக்கும் போகும். ஏ.பி.சி.டி.யிலேயே இது நடந்தது. தன்னை அடக்கிக்கொள்ளும் திறனை அளக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். திரையில் அம்புக்குறி வரும், பொத்தானை அழுத்த வேண்டும். சில சமயம் "நில்" என்ற குறி வரும், கையை இழுத்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பில், நில் குறி வந்ததும் முதல் அம்பு திரையிலிருந்து மறைந்துவிடும்படி வைத்துவிட்டார்கள். நில் குறி சீக்கிரம் வந்தால் பிள்ளை அம்பைக் கண்ணால் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டாள். அப்படியானால் அளந்தது அடக்கத்தையா, அம்பைப் பார்க்காததையா? 2021இல் வேறொரு குழு இதைச் சுட்டிக்காட்டி விரிவாக எழுதியது. பாராட்ட வேண்டியது என்னவென்றால், தரவை வெளியாருக்குத் திறந்து வைத்திருந்ததால்தான் வெளியாளால் தவறைப் பிடிக்க முடிந்தது. மூடி வைத்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பத்து வருடம் ஒரே ஆட்களை விடாமல் பின்தொடர அரசு அளவு கஜானா வேண்டும். அக்காவின் குழுவுக்கு இந்த வழி முழுமையாக ஒத்துவராது. ஆனால் இதிலிருந்து ஒன்றைத் திருடிக்கொள்ளலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். புதிதாக எதையும் எடுக்காதே. ஆளாளுக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதைக் கொண்டுவந்து ஒரே இலையில் பரிமாறு. 2009இல் தொடங்கிய எனிக்மா என்ற பன்னாட்டு மூளை ஆய்வுக் கூட்டமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. அதற்குள் போதை நோய்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது. ஆரம்பத்தில் எனிக்மாவின் சூத்திரம் அழகானது: படங்கள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும், கணக்குப் போடும் நிரலை நாங்கள் அனுப்புகிறோம், நீங்கள் ஓட்டி விடையை மட்டும் அனுப்புங்கள். விடைகளை மட்டும் கூட்டினால் ஒரு மாதிரி ஆய்வு. ஒவ்வோர் ஆளின் அளவுகளையும் ஓரிடத்தில் சேர்த்தால் இன்னும் கூர்மையான ஆய்வு. போதைக் குழு இரண்டாவதைச் செய்தது. 2019இல் வெளியான அதன் பெரிய கட்டுரையில் 23 ஆய்வகங்களின் தரவு. மது, நிகோட்டின், கொகெய்ன், மெத்தாம்ஃபெட்டமின், கஞ்சா என்று ஐந்தில் ஏதாவது ஒன்றுக்கு அடிமையானவர்கள் 2,140 பேர், அடிமையாகாதவர்கள் 1,100 பேர். மூளையில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி குறைவது மதுவில்தான் அதிகம் தெரிந்தது. எந்தப் போதையானாலும் பொதுவாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பகுதிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: பக்கவாதத்தில் இது சேதமான சிலர் சிகரெட்டைச் சிரமமே இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று 2007இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒற்றை ஆய்வகத்தின் சின்னக் கூட்டத்தில் சொல்லத் துணியாததை இப்படிச் சேர்த்து வைத்தால் சொல்ல முடிகிறது.

ஆனால் இந்த இலையில் பரிமாறுவதற்கு முதலில் வீட்டில் சமையல் இருக்க வேண்டும். ஐந்து மருத்துவமனைகளிலும் பழைய எம்.ஆர்.ஐ. படங்கள் நிறைய இருக்கின்றன, உண்மை. வலிப்பு வந்ததென்று, கீழே விழுந்து தலையில் அடிபட்டதென்று எடுத்தவை. அவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமனான வெட்டுகள். மருத்துவர் கண்ணுக்குப் போதும். கன அளவு கணக்கிட ஒரு மில்லிமீட்டர் அளவில் வேண்டும். அதோடு, காரணம் இருந்து எடுத்த படங்கள் என்பதால் அவை சாதாரணக் குடிநோயாளியின் படங்களே அல்ல.

இன்னொரு குறை, யாரும் கேட்காமல் விட்டதை அப்புறம் சேர்க்க முடியாது. எனிக்மாவின் போதைத் தரவு பெரும்பாலும் மேற்கு நாட்டு ஆய்வகங்களிலிருந்து வந்தது. அங்கே நிகோட்டின் என்றால் சிகரெட். இங்கே? 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லும் வகைப் புகையிலை போடுபவர்கள் 21.4 சதவீதம். நம் குடிநோயாளியின் கடைவாயில் ஹான்ஸ் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்காமல் "புகைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டு "இல்லை" என்று குறித்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு காயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இரண்டு மையங்களின் குடிநோய்த் தரவைச் சேர்க்கும் வேலை வந்தது. இரண்டிலும் "குடித்த வருடங்கள்" என்று ஒரு நெடுவரிசை. சந்தோஷமாக ஒட்டினேன். ஒரு மையத்தின் ஆட்கள் எல்லோரும் மற்ற மையத்தினரைவிடப் பத்து வருடம் கூடுதலாகக் குடித்தவர்களாகத் தெரிந்தார்கள். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: ஒரு இடத்தில் முதல் முறை குடித்த வயதிலிருந்து எண்ணியிருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் தினசரிக் குடி ஆரம்பித்த வயதிலிருந்து. அந்த நெடுவரிசையையே தூக்கி எறிய வேண்டியதாயிற்று. ஸ்கேனருக்கு ஸ்கேனர் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட காம்பேட் என்று புள்ளியியல் முறை இருக்கிறது; மரபணுத் துறையில் 2007இல் பிறந்து மூளைப் படங்களுக்கு வந்தது. நன்றாகவே வேலை செய்யும். கேள்விக்குக் கேள்வி உள்ள வித்தியாசத்தை அப்படிப் பின்னால் சரிக்கட்டுவது எளிதல்ல.

மூன்றாவது, நம்மூரில் இயல்பாகவே நடந்துவிடும் வழி. ஸ்கேனர் வைத்திருக்கும் இடம் நடுவில். மற்றவர்கள் நோயாளிகளை அங்கே அனுப்புவது. அக்காவின் குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் மனதில் இருந்தது. ஒரே இயந்திரம் என்பதால் மைய வித்தியாசம் என்ற தலைவலியே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகும்? நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வார்டிலிருந்து ஒரு நோயாளி வர வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா, அவருக்கு அன்றைய கூலி போகும். அப்படியும் வந்து சேருகிறவர் யார்? குடும்பம் கூட நிற்பவர், உடம்பு தேறியவர், மனம் வைத்தவர். இவர்கள் மறுபடி குடிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு. நாம் தேடுவதோ மறுபடி குடிக்கப் போகிறவரை! இரண்டாவது ஸ்கேனுக்கு வராதவர்தான் நம் கேள்விக்கான விடை. அவர் வராமலே போய்விடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்கேனர் இருக்கும் இடமே ஆய்வின் முதலாளி ஆகிவிடும். முதல் கட்டுரை வரும்போது வார்டு மருத்துவர்கள் நன்றியுரையில் ஒரு வரியாகக் கரைந்துபோவார்கள். இரண்டாவது கட்டுரைக்கு நோயாளி வர மாட்டார். இப்படி ஓசையில்லாமல் செத்துப்போன கூட்டணிகளை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பணம் தீர்ந்து மூடிய கூட்டணிகளைவிடப் கட்டுரையின் பெயர் வரிசைச் சண்டையில் மூடியவை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நான்காவது வழியை அக்கா யோசித்திருக்கவே இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான். அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய கோகா என்ற குடிநோய் மரபியல் கூட்டாய்வு. ஸ்கேனரைச் சுற்றி அல்ல, தலையில் ஒட்டிய முனைகளால் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யைச் சுற்றியும் குடும்பங்களைச் சுற்றியும் கட்டப்பட்டது. அதற்கு விதை போட்டது 1984இல் ஹென்றி பெக்லைட்டர் குழு கண்ட ஒரு விஷயம். எதிர்பாராத ஒரு குறியைப் பார்த்ததும் சுமார் 300 மில்லிசெகண்டில் மூளையில் ஓர் அலை எழும், பி300 என்பார்கள். குடிநோய் உள்ள அப்பாக்களின் மகன்களுக்கு, இன்னும் குடியையே தொடாத சிறுவர்களுக்கு, அந்த அலையின் உயரம் குறைவாக இருந்தது. குடியால் வந்த சேதம் என்று சொல்ல முடியாது. குடிக்கு முன்பே இருந்த ஏதோ ஒன்று. நிம்ஹான்ஸில் பெனகல் குழு 1995இலேயே, குடிநோய் வரும் அபாயம் கூடக் கூட இந்த அலை குறைகிறது என்று நோயாளிகளின் ஆண் உறவினர்களிடம் காட்டியிருக்கிறது. அதாவது இது நம் மண்ணில் முளைக்குமா என்று பரிசோதிக்க வேண்டிய விதை அல்ல. முளைத்துப் பார்த்த விதை.

கோகா பிறகு மரபணுக்களுக்குப் போனது, ஈ.ஈ.ஜி.யில் தெரியும் வேகமான பீட்டா அலைகளையும் குடிநோயையும் ஜி.ஏ.பி.ஆர்.ஏ.2 என்ற மரபணுவோடு 2004இல் இணைத்துக் காட்டியது. ஒரு குறுகிய கேள்வி, ஒரு மலிவான கருவி, நகராத பிடிவாதம். இந்த மூன்றும் ஒரு கூட்டணியைப் பத்தாண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஈ.ஈ.ஜி. இயந்திரம் ஐந்தில் நான்கு மருத்துவமனைகளில் ஏற்கெனவே வலிப்பு நோயாளிகளுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பில் உலோகம் இருக்கிறதா, மூடிய குழாய்க்குள் பயமா என்ற கேள்விகள் இல்லை. வார்டுப் படுக்கையிலிருந்து பத்து நிமிட நடை. பி300 எடுக்கத் தூண்டுகுறி காட்டும் கணினியும் அதை நேரத்தோடு இணைக்கும் அமைப்பும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. குடியை நிறுத்தும் முதல் நாட்களில் கை நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க லிப்ரியம், டயஸிபாம் மாதிரி மருந்து கொடுப்பார்கள். அந்த வகை மருந்துகள் பீட்டா அலைகளைத் தூக்கிவிடும். கோகா பெரிதாகப் பேசியது அதே பீட்டாவைத்தான். ஒரு வார்டில் ஐந்தாம் நாள் ஈ.ஈ.ஜி., இன்னொரு வார்டில் பதினைந்தாம் நாள் ஈ.ஈ.ஜி. என்றால், நாம் அளப்பது மூளையை அல்ல, மருந்துச் சீட்டை. எம்.ஆர்.ஐ.க்கும் இதே கதை: குடி நின்ற முதல் வாரங்களிலேயே மூளையின் கன அளவு மீளத் தொடங்கிவிடும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்பதைவிடக் கடைசிக் குடியிலிருந்து எத்தனையாவது நாள், கடைசி மாத்திரையிலிருந்து எத்தனையாவது நாள் என்பதை ஐந்து வார்டுகளும் ஒரே மாதிரி பிடிப்பதுதான் பெரிய காரியம்.

மூளை வங்கி என்றொரு வழியும் உண்டு. சிட்னியில் குடிநோயாளிகளின் மூளைத் திசுவை இறந்த பிறகு பாதுகாத்து உலகத்துக்கே கொடுக்கும் வங்கி இருக்கிறது. நிம்ஹான்ஸிலும் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. அருமையான விஷயம். ஆனால் மூன்று மாதத்தில் யார் குடிப்பார் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. விடுவோம்.

தரவை எங்கே வைப்பது என்பதில்தான் அக்காவும் நானும் சண்டை போட்டோம். அவருக்கு எனிக்மாவின் "உன் தரவு உன்னிடமே" என்ற வழி பிடித்திருந்தது. இன்று அதற்கு இன்னும் நவீனமான கருவிகள் உண்டு; காயின்ஸ்டாக் என்ற மென்பொருள் தரவை நகர்த்தாமலே எல்லா இடத்திலும் கணக்கை ஓட்டிச் சேர்த்துத் தரும். கொள்கையளவில் எனக்கும் உடன்பாடு. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதை நிறுவி, கெட்டால் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். ஐந்து இடத்துக்கு ஐந்து ஆள் எங்கே? பிரிண்டரில் காகிதம் சிக்கினாலே மூன்று நாள் ஆகும் இடங்கள் இவை.

அதனால் நான் சொன்னது: ஒரே சர்வர், பெயர் நீக்கிய தரவு, பெயரையும் எண்ணையும் இணைக்கும் சாவிப் பட்டியல் மட்டும் அந்தந்த வார்டிலேயே பூட்டில். பெயரை நீக்கினால் போதுமா என்றால், போதாது. எம்.ஆர்.ஐ.யில் முகமும் பதிவாகிறது. 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு சோதனையில், 84 பேரின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி, முகம் அறியும் மென்பொருளிடம் கொடுத்தபோது 70 பேரைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டது. ஆகவே சர்வருக்குப் போகுமுன் முகத்தை அழித்தே ஆக வேண்டும். மற்ற நோய்களைவிட இங்கே அக்கறை கூடுதலாக வேண்டும். குடித்ததாகத் தெரிந்தால் வேலை போகும், பெண் கொடுக்க மாட்டார்கள். கஞ்சா என்றால் அதைப் பயன்படுத்துவதே போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் குற்றம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்றாலும், ஆய்வுக்காரர்கள் அந்தப் பாதுகாப்பின் நிழலில் சோம்பலாக இருக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்ப்பது பற்றியும் கேட்டார். பணமும் பெயரும் வரும். கூடவே சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு ஒப்புதலும் அதற்கான காத்திருப்பும் வரும். முதல் இரண்டு வருடம் வேண்டாம் என்றேன். உள்நாட்டில் ஐந்து மருத்துவமனைக்கும் ஐந்து அறநெறிக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) என்று அலையாமல் பொதுவான பரிசீலனை செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தினாலே பல மாதங்கள் மிச்சம்.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது எந்த ஒரு வழியும் அல்ல. கருவி கோகாவிடமிருந்து: ஐந்து வார்டிலும் ஈ.ஈ.ஜி., ஒரே ஆளுக்கு இரண்டு முறை, மருந்து நின்று குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு. பெரிய ஆய்வுகளிடமிருந்து திருடலாம் என்று சொன்னேனே, அது பொது வினாத்தாள்; ஆனால் இரண்டே பக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு வார்டும் தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொள்ளட்டும். ஸ்கேனர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ.; அது கூடுதல் தரவுதான், அச்சாணி அல்ல. எனிக்மாவிடமிருந்து எடுத்தது கணக்கு முறையை அல்ல, பழக்கத்தை: யார் வேண்டுமானாலும் "இந்தக் கேள்விக்கு எல்லோர் தரவையும் பயன்படுத்துகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம், சேர்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மையமும் தனித்தனியாக முடிவு செய்யும், சேர்ந்தால் கட்டுரையில் பெயர் உண்டு. இதை முதல் நோயாளி வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் சம்பளம். கிடைக்கும் முதல் பணத்தில் இயந்திரம் வாங்காதீர்கள், ஒரு தரவு மேலாளரையும் போனில் பின்தொடர ஒருவரையும் வேலைக்கு எடுங்கள் என்றேன். என் தொழிலுக்கு நானே சிபாரிசு செய்வதாக அக்கா சிரித்தார். இருக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து நோயாளியைப் பிடிப்பதுதான் இந்த ஆய்வின் உயிர். அவருடைய எண் மாறியிருக்கும். மனைவி எண், அம்மா எண், பக்கத்துக் கடை எண் என்று மூன்று எண்களாவது வாங்கி வைக்க வேண்டும். கடை எண்ணுக்குக் கூப்பிடும்போது எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமல் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். இதெல்லாம் எந்த நெறிமுறைக் கட்டுரையிலும் இருக்காது.

யாரை விட்டுவிடுகிறோம் என்பதையும் எழுதி வைத்தேன். 2019இல் வெளியான தேசியப் போதைப் பயன்பாட்டு அறிக்கையின்படி குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6. ஐந்து வார்டுகளும் ஆண் வார்டுகள். இந்தக் கூட்டமைப்பு எதைக் கண்டுபிடித்தாலும் அது ஆண்களைப் பற்றித்தான். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்; ஐந்தாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் அல்ல.

முதல் கூட்டம் காணொளியில் நடந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பொது வினாத்தாளில் குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் படிவத்தை வைத்திருந்தோம். "சாதாரணமாக எத்தனை டிரிங்க்?" என்ற இரண்டாவது கேள்வியிலேயே வண்டி நின்றது. அந்தப் படிவத்தின் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். நம் நோயாளி டிரிங்க் கணக்கில் பேச மாட்டார், குவார்ட்டர் என்பார். 42.8 சதவீதப் பிராந்தி 180 மில்லியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது ஆறு டிரிங்க். "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பதை ஒரு வார்டில் ஒன்று என்று குறித்து வந்திருக்கிறார்கள், இன்னொரு வார்டில் ஆறு என்று. கட்டிங் என்றால் பாதிக் குவார்ட்டர், மூன்று என்று முடிவானது. அதற்கு ஓர் அரசு மருத்துவர், "எங்க பக்கம் கட்டிங்கை மூணு பேரும் போடுவாங்க மேடம்" என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு கூட்டம் முடிந்தது. அடுத்த ஞாயிறு மூன்றாவது கேள்வி.